டோக்கோபெரெத், டோக்கோபெர்சோலன்: வைட்டமின் ஈ-யிலிருந்து வரும் கழுவுபொருளைப் புதிதாகக் கையாள்பவர்களுக்கு

ஃபேஸ் வாஷ், மேக்கப் நீக்கும் தண்ணீர், ஷாம்பு இவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிக்கத் தொடங்கினால், "டோக்கோ" என்று ஆரம்பிக்கும் பெயர்கள் சீக்கிரமே கண்ணில் படும். வைட்டமின் ஈ-தானே, நல்லதுதானே என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் டோக்கோபெரெத், டோக்கோபெர்சோலன் ஆகிய இரண்டின் வேலை வேறு. அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் தூக்கி எடுப்பது, எண்ணெயைத் தண்ணீருக்குள் கரைத்துப் பிடித்து வைப்பது, கழுவிய பிறகு தோல் வறவறவென்று இழுக்காமல் பார்த்துக்கொள்வது. வைட்டமின் என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால்தான் இதைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தவும் முடியும். கடையில் வாங்குபவர்களுக்கு முதல் மூன்று படிகள் போதும். சொந்தமாகக் கலந்து பார்க்க நினைப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

முதல் படி: யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்

டோக்கோபெரால் என்பதுதான் நேரடியான வைட்டமின் ஈ. பிசுபிசுப்பான எண்ணெய். தண்ணீரில் துளியும் கரையாது. டோக்கோபெரில் அசிடேட் என்பது காற்றிலும் வெளிச்சத்திலும் எளிதில் கெடாமல் இருக்க அசிட்டிக் அமிலத்தோடு இணைத்த வடிவம். அதுவும் எண்ணெய்தான். இந்த இரண்டும் கழுவும் பொருட்கள் அல்ல.

டோக்கோபெராலின் மூலக்கூறில் ஒரு முனையில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அந்த இடத்தில் எத்திலீன் ஆக்சைடு அலகுகளை வரிசையாகக் கோத்துத் தண்ணீரை விரும்பும் ஒரு சங்கிலியை வளர்த்தால் கிடைப்பது டோக்கோபெரெத். பட்டியலில் டோக்கோபெரெத்-5, 10, 12, 18, 50 என்று எண்ணோடு வரும். சராசரியாக எத்தனை அலகுகள் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்த எண் காட்டுகிறது.

டோக்கோபெர்சோலன் கொஞ்சம் வேறு மாதிரி. இதில் டோக்கோபெராலுக்கும் பெக் 1000 என்ற, அதே எத்திலீன் ஆக்சைடு அலகுகளால் ஆன சங்கிலிக்கும் நடுவில் சக்சினிக் அமிலம் பாலமாக நிற்கிறது. மூலப்பொருள் விற்பவர்கள் இதை டிபிஜிஎஸ் என்றுதான் சொல்வார்கள். கையில் வாங்கினால் வெளிர்மஞ்சள் மெழுகுக் கட்டியாக இருக்கும். சுமார் 40 டிகிரி செல்சியஸ் வந்தால் உருகிவிடும், வெயில் காலத்தில் டப்பாவிலேயே குழைந்தும் போகும். அதனால் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டுக்கும் உள்ள வேதியியல் வித்தியாசம் பிற்பாடு உதவும் என்பதால் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கோபெரெத் ஓர் ஈதர், அந்தப் பிணைப்பு லேசில் உடையாது. டோக்கோபெர்சோலன் ஓர் ஈஸ்டர். நொதிகளாலும், காரத்தன்மை அதிகமுள்ள கலவையாலும் உடையக்கூடியது.

இரண்டாம் படி: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

நான் அதிகம் வற்புறுத்த நினைப்பது இந்தப் படியைத்தான். வைட்டமின் ஈ-க்கு இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலின் இருப்பிடம், மேலே சொன்ன அந்த ஹைட்ராக்சில் தொகுதி. டோக்கோபெரெத்திலும் டோக்கோபெர்சோலனிலும் சங்கிலி போய் உட்கார்ந்திருப்பது அதே இடத்தில். ஆக, பாட்டிலுக்குள் இருக்கும்போது இவற்றால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க முடியாது.

டோக்கோபெர்சோலனின் ஈஸ்டர் பிணைப்பு உடலுக்குள் உடைந்து வைட்டமின் ஈ வெளிவருவது உண்மை. பித்தநீர் சரியாக வெளியேறாததால் சாதாரண வைட்டமின் ஈ-யை உறிஞ்ச முடியாத குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் மருந்தாக 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதி தந்திருக்கிறது. ஆனால் அது வயிற்றுக்குள் போய் மணிக்கணக்கில் இருக்கும் மருந்து. முகத்தில் அரை நிமிடம் தேய்த்துக் கழுவிவிடும் பொருளில் அப்படி நடக்க நேரமே இல்லை.

அளவையும் பாருங்கள். ஒரு கிராம் டோக்கோபெர்சோலனில் கிட்டத்தட்ட கால் பங்கு, அதாவது சுமார் 0.26 கிராம்தான் வைட்டமின் ஈ. ஒரு ஃபேஸ் வாஷில் இது 1 சதவீதம் இருந்தால் 100 கிராம் பாட்டில் முழுவதிலும் 0.26 கிராம், அதுவும் கட்டுண்ட நிலையில், தண்ணீரோடு வடிகாலுக்குப் போய்விடும். "வைட்டமின் ஈ நிறைந்தது" என்று முன்பக்கம் பெரிதாக எழுதி, பின்பக்கப் பட்டியலில் டோக்கோபெரெத் மட்டும் இருந்தால், அந்த வாசகத்தை நம்பி விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

சரி, இது என்னதான் நன்மை செய்கிறது? மென்மையாகக் கழுவுகிறது. மின்னூட்டம் இல்லாத வகை என்பதால், வழக்கமான சல்பேட் நுரைப்பான்கள் அளவுக்குத் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு உறுத்துவதில்லை. டோக்கோபெர்சோலன் தண்ணீரில் 0.02 சதவீதம் இருந்தாலே மூலக்கூறுகள் ஒன்றுகூடி மைசெல் என்ற நுண்ணிய உருண்டைகளாகச் சேர்ந்துவிடும். எண்ணெய்ப்பசையை உள்ளே இழுத்துக்கொள்வது இந்த உருண்டைகள்தான். தோலுக்குள் ஊடுருவி எரிச்சல் தருவது பெரும்பாலும் உருண்டையில் சேராமல் தனியாகத் திரியும் மூலக்கூறுகள். இவ்வளவு குறைந்த அளவிலேயே ஒன்றுசேர்ந்துவிடும் பொருளில் அப்படித் தனியாகத் திரிபவை குறைவாக இருக்கும்.

நுரை குறைவு. நிறைய நுரை வந்தால்தான் சுத்தமானது போலத் தோன்றும் என்பவர்களுக்கு இது மட்டும் போதாது. தலைமுடிக்குப் பதமளிப்பதிலும் அளவாகவே எதிர்பாருங்கள். முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நேர்மின்னூட்டம் உள்ள கண்டிஷனர் பொருட்கள் போய் ஒட்டிக்கொள்ளும், மின்னூட்டமே இல்லாத இது அப்படி ஒட்டாது.

மூன்றாம் படி: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டோக்கோபெரெத்தின் பின்னால் வரும் எண் வெறும் அடையாளம் இல்லை. அந்தப் பொருள் எண்ணெயின் பக்கம் சாய்கிறதா, தண்ணீரின் பக்கம் சாய்கிறதா என்பதை அதிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். 1949-இல் வில்லியம் கிரிஃபின் என்ற வேதியியலாளர் இதற்காக ஓர் அளவுகோலை முன்வைத்தார். அதை ஹெச்எல்பி என்பார்கள். இந்த வகைப் பொருட்களுக்கு அது 0 முதல் 20 வரை. மூலக்கூறின் எடையில் தண்ணீரை விரும்பும் பகுதி எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை 5-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டுப் பார்ப்போம். டோக்கோபெராலின் மூலக்கூறு எடை சுமார் 431. ஓர் எத்திலீன் ஆக்சைடு அலகு 44. டோக்கோபெரெத்-5 என்றால் தண்ணீர்ப் பகுதி 5 × 44 = 220, மொத்தம் 651. சதவீதம் ஏறக்குறைய 34, அதை 5-ஆல் வகுத்தால் 6.8. இது எண்ணெய் பக்கம். டோக்கோபெரெத்-10 எனில் 440-ஐ 871-ஆல் வகுக்க வேண்டும், விடை 10-ஐ ஒட்டி வரும். 12-க்கு 11. 18-க்கு 13. 50-க்கு 16.7, இது முழுக்கத் தண்ணீர் பக்கம். டோக்கோபெர்சோலனின் மொத்த எடை சுமார் 1513, அதில் பெக் பகுதி 1000. கணக்குப் போட்டால் 13.2 வருகிறது. தயாரிப்பாளர்களின் தகவல் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணும் அதுவே.

இந்த ஹெச்எல்பி எண்ணை வைத்து என்ன செய்வது? 7-ஐ ஒட்டியிருந்தால் எண்ணெய் அடிப்படையிலான கிளென்சருக்குப் பொருந்தும். முகத்தில் எண்ணெயாகத் தேய்த்து, தண்ணீர் பட்டதும் பால்போல வெளுக்கும் வகை அது. 8-க்கு மேல் போனால் தண்ணீருக்குள் எண்ணெயைச் சிதறடித்து லோஷனாக்கும். 13 முதல் 15 வரை நல்ல கழுவும் திறன். 15-க்கு மேல் போனால் வாசனை எண்ணெய் போன்ற கொஞ்ச அளவு எண்ணெயைத் தெளிந்த நீராகவே கரைத்து வைக்கும். டோக்கோபெரெத்-5-ஐயும் டோக்கோபெரெத்-50-ஐயும் பெயர் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் கலவை பிரிந்துவிடும் என்பது இதிலிருந்தே தெரியும்.

பட்டியல் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நாடுகளின் விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். பிரிசர்வேட்டிவுக்கும் (கிருமி வளராமல் காக்கும் பொருள்) வாசனைக்கும் பின்னால் டோக்கோபெரெத் இருந்தால், அந்த ஃபேஸ் வாஷில் கழுவுவது வேறொன்று. இது பெரும்பாலும் வாசனையைக் கரைப்பதற்காகச் சேர்ந்திருக்கும்.

நான்காம் படி: தோலில் முன்கூட்டியே சோதியுங்கள்

வைட்டமின் ஈ சார்ந்தது என்றால் ஒவ்வாமை வராது என்று நினைத்துவிடக் கூடாது. 1992-இல் சுவிட்சர்லாந்தில் டோக்கோபெரில் லினோலியேட் கலந்த அழகுப் பொருட்களால் நூற்றுக்கணக்கானோருக்குத் தோல் அழற்சி வந்தது. அது இங்கே பேசும் பொருள் இல்லை, ஆனால் அதே குடும்பம்.

முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் தடவுங்கள். கழுவிவிடும் பொருள் என்றால் முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் வைத்துக் கழுவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே நாளில் முடிவு சொல்லாதீர்கள், தொடு ஒவ்வாமை பல நேரம் தாமதமாகத்தான் தலைகாட்டும். சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். வெட்டுக்காயம், வெடிப்பு, எக்ஸிமா உள்ள இடங்களில் தடவவே வேண்டாம். டோக்கோபெர்சோலன் மற்ற பொருட்கள் உறிஞ்சப்படுவதைக் கூட்டக்கூடியது. மருந்துத் துறையில் அதற்காகவே பயன்படுகிறது. தோலுக்கு மருந்துக் களிம்பு போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: மூலப்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டியவை

எத்திலீன் ஆக்சைடு அலகுகளைக் கோக்கும் தயாரிப்பு முறையில் 1,4-டையாக்ஸேன் என்ற துணைப்பொருள் நுண்ணளவில் உருவாகலாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2பி பிரிவில் வைத்திருக்கும் பொருள் அது. வெற்றிடத்தில் வைத்து அதைப் பிரித்தெடுத்துவிட முடியும், பொறுப்பான தயாரிப்பாளர்கள் செய்கிறார்கள். எனவே விற்பவரிடம் நீங்கள் வாங்கும் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (பேட்ச்) பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் 1,4-டையாக்ஸேன், எத்திலீன் ஆக்சைடு எச்சம் ஆகிய இரண்டு வரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழ் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இயற்கைப் பொருள் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. வைட்டமின் பகுதி தாவர எண்ணெயிலிருந்து வந்திருந்தாலும், பெக் சங்கிலி தொழிற்சாலையில் உருவாவது. காஸ்மோஸ் இயற்கைச் சான்றிதழ் இந்த வகையை ஏற்பதில்லை.

ஆறாம் படி: கரைசல் செய்வது

டோக்கோபெர்சோலன் தண்ணீரில் கரையும் என்று தகவல் தாளில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கலக்குபவர்கள் உண்டு. கட்டியின் வெளிப்புறம் மட்டும் கூழாகும், உள்ளே மெழுகு அப்படியே இருக்கும். அதனால் முதலில் 20 சதவீதக் கரைசலாகச் செய்து வைத்துக்கொள்வதுதான் வசதி. அதற்கு மேல் அடர்த்தியாக்கினால் கெட்டியான ஜெல் ஆகிவிடும்.

டோக்கோபெர்சோலன் மெழுகு 5 கிராம், காய்ச்சி வடித்த தண்ணீர் 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். கண்ணாடிக் குவளை, கலக்கும் குச்சி, பாட்டில் எல்லாவற்றையும் 70 சதவீத ஆல்கஹால் தெளித்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும், முழுதும் காய்ந்த பிறகே அடுப்பு மூட்டுங்கள். மெழுகுள்ள குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் சில நிமிடங்களில் தேன்போல உருகி ஓடும். இன்னொரு குவளையில் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, அதைக் கலக்கிக்கொண்டே உருகிய மெழுகைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

ஊற்றியதும் கண்ணாடித் துண்டு மாதிரி தெரியும் ஜெல் கட்டிகள் மிதக்கும். பதற வேண்டாம். வேகமாக அடித்துக் கலக்கவும் வேண்டாம், காற்றுக் குமிழிகள்தான் மிஞ்சும். குவளையை மூடி, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டு அவ்வப்போது மெதுவாகக் கலக்குங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். கட்டிகள் விளிம்பிலிருந்து கரைந்து, கடைசியில் வெளிர்மஞ்சளான தெளிந்த கரைசல் நிற்கும். ஆறிய பிறகு மறுபடி எடை பாருங்கள். ஆவியான அளவுக்குத் தண்ணீர் சேர்த்து 25 கிராம் ஆக்கினால்தான் அடுத்த படியில் கணக்கு சரியாக வரும். இந்தக் கரைசலில் இன்னும் பிரிசர்வேட்டிவ் இல்லை என்பதை மறக்காதீர்கள். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

ஏழாம் படி: 100 கிராம் துடைப்பு நீர்

பஞ்சில் நனைத்து முகத்தைத் துடைத்து, அப்புறம் தண்ணீரில் அலசும் எளிய கிளென்சர் இது. காய்ச்சி வடித்த தண்ணீர் 86.1 கிராம், மேலே செய்த கரைசல் 10 கிராம், கிளிசரின் 3 கிராம், பீனாக்சிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேர்ந்த பிரிசர்வேட்டிவ் 0.9 கிராம். இதில் டோக்கோபெர்சோலன் 2 சதவீதம் இருக்கும்.

தண்ணீரில் கிளிசரினைக் கலந்து, கரைசலை ஊற்றி, கடைசியில் பிரிசர்வேட்டிவைச் சேர்த்துத் தெளியும்வரை கலக்குங்கள். பிரிசர்வேட்டிவை விடுவது நடக்கவே கூடாத காரியம். தண்ணீர் உள்ள எந்தக் கலவையிலும் கிருமி வளரும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வளர்ந்திருக்கும். பாராபென் வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பெக் சங்கிலி உள்ள பொருட்களின் மைசெல்கள் பாராபெனைத் தமக்குள் இழுத்து வைத்துக்கொள்வதால், கிருமியைத் தடுக்கத் தண்ணீரில் மிஞ்சுவது குறைந்துவிடும்.

அடுத்தது பிஎச், அதாவது கலவையின் அமில-காரத் தன்மையின் அளவு. சோதனைத் தாளில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், 5-க்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் கலக்கி மறுபடி பாருங்கள். டோக்கோபெர்சோலன் ஈஸ்டர் என்று முதல் படியில் சொன்னது இங்கேதான் உதவும். பிஎச் 4.5-க்கும் 7.5-க்கும் இடையில் அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். சோப்பில் இருக்கும் 9, 10 போன்ற அளவுகளில் மெல்ல உடையத் தொடங்கும். நுரைக்காக டெசில் குளுக்கோசைடு சேர்க்க ஆசைப்பட்டால், அது பாட்டிலிலேயே பிஎச் 11-ஐத் தாண்டி வருவது. முதலில் அதைத் தண்ணீரில் கலந்து, அமிலம் விட்டு 6-க்கு இறக்கிய பிறகே டோக்கோபெர்சோலன் கரைசலை ஊற்றுங்கள்.

வாசனை எண்ணெய் வேண்டுமென்றால், ஒரு பங்கு எண்ணெயை உருகிய மெழுகு ஐந்தாறு பங்கோடு முதலில் நன்றாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைத் துளித்துளியாக விடுங்கள். நடுவில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகும். தொடர்ந்து தண்ணீர் விட்டால் இளகித் தெளியும். கலங்கலாகவே நின்றால் எண்ணெய் அதிகம் என்று பொருள். முகத்துக்கு வாசனையே இல்லாமல் விடுவதுதான் என் விருப்பம்.

இந்த நீர் தூசி, வியர்வை, சன்ஸ்கிரீன், லேசான மேக்கப் வரை எடுக்கும். தண்ணீர் புகாத மஸ்காராவை எடுக்காது, எடுக்க முயலவும் வேண்டாம். வீட்டில் செய்த பொருளைக் கண் ஓரத்தில் பயன்படுத்துவது ஆபத்து.

எட்டாம் படி: வைத்துக் காப்பது

மெழுகை இறுக மூடி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டால் பெக் சங்கிலியில் பெராக்சைடுகள் உருவாகும். அடிக்கடி திறக்க வேண்டியிருந்தால் சிறு டப்பாக்களில் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெய் சேர்ந்த கிளென்சர் செய்பவர்கள், எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் இருக்க 0.1 முதல் 0.2 சதவீதம் சாதாரண டோக்கோபெராலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டோக்கோபெரெத் இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது, அது எண்ணெயைக் காக்காது.

துடைப்பு நீர் பாட்டிலில் செய்த தேதியையும் அன்றைய பிஎச்சையும் எழுதி ஒட்டுங்கள். விரல் விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், குறுகிய வாய் உள்ள பாட்டில் போதும். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பிஎச் தாளையும் வைத்துப் பாருங்கள். கலங்கல், மிதக்கும் நூல், புளித்த வாடை, பிஎச்சில் அரை அலகுக்கு மேல் மாற்றம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கொட்டிவிடுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், அடுத்த 100 கிராமைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.